பட்டாவை ரத்து செய்து 'அரசு புறம்போக்கு' என்று எழுதிவிட்டால்: ரிட்டா, சிவில் வழக்கா?

வைகைக்கரை | 4 பிப்ரவரி 2025, இரவு 9.40

மானாவாரிப் புஞ்சை, பத்திரப்படி 1 ஏக்கர் 12 சென்ட். 1962 கிரயப் பத்திரம் இருக்கிறது. யு.டி.ஆரில் (நிலக் கணக்குகளைப் புதுப்பித்த திட்டம்) பட்டா, பிறகு கணினிப் பட்டா, கிஸ்தி ரசீதுகள், எல்லாம் உண்டு. இப்போது டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) உத்தரவு: 'பட்டா தவறுதலாக வழங்கப்பட்டுள்ளது, ரத்து செய்து அரசு புறம்போக்கு தரிசு எனத் தாக்கல் செய்க'. அதைக் காட்டி தாசில்தார் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ஒரே ரிட் (அரசு உத்தரவை நேரடியாக எதிர்க்கும் மனு) போட்டு இரண்டையும் உடைத்துவிட்டால் போதும், சிவில் கோர்ட் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய அடங்கல் | 4 பிப்ரவரி, இரவு 11.15

பாதி மறுக்கிறேன்.

ரிட்டில் ஹைகோர்ட் பார்ப்பது அந்த உத்தரவு எப்படிப் பிறந்தது என்பதை. நோட்டீஸ் கொடுத்தார்களா, கேட்டார்களா, காரணம் எழுதினார்களா, எழுதியவருக்கு அந்த அதிகாரம் உண்டா. நிலம் யாருடையது என்பதை அங்கே தீர்க்க மாட்டார்கள். சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, அபிடவிட்டை (பிரமாண வாக்குமூலத்தை) வைத்துத்தான் எல்லாம். நீங்கள் ஜெயித்தால் பெரும்பாலும் கிடைப்பது 'உத்தரவு ரத்து, மீண்டும் விசாரித்து முடிவெடுக்கவும்' என்பதுதான். பட்டா உயிர் பெறும். உரிமைக் கேள்வி அப்படியே நிற்கும்.

இன்னொன்று. உங்கள் கையில் இருப்பது இரண்டு தாள், இரண்டு சட்டம். டி.ஆர்.ஓ. உத்தரவு 1983 பட்டா பாஸ்புத்தகச் சட்டம் அல்லது யு.டி.ஆர். பிழைத்திருத்தம் சார்ந்தது. தாசில்தார் நோட்டீஸ் 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதன் தலைப்பில் 7-ஆம் பிரிவு என்று இருக்கிறதா, 6-ஆம் பிரிவு என்று இருக்கிறதா? 7 என்றால் விளக்கம் கேட்கிறார்கள். 6 என்றால் காலி செய்யச் சொல்கிறார்கள். முதலில் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வைகைக்கரை | 5 பிப்ரவரி, காலை 7.05

7-ஆம் பிரிவு. 15 நாள் அவகாசம்.

பழைய அடங்கல் | 5 பிப்ரவரி, காலை 8.30

அப்படியானால் இன்றைய வேலை கோர்ட் அல்ல, பதில். 7-ஆம் பிரிவு நோட்டீஸுக்குப் பதில் கொடுக்காமல் ரிட்டுக்குப் போனால் 'இது வெறும் விளக்கம் கேட்கும் நோட்டீஸ், முன்கூட்டியே வந்துவிட்டீர்கள்' என்று முதல் நாளே திருப்பிவிடுவார்கள். பதில் கொடுத்தவர் நிலை வேறு. அந்தப் பதிலை பரிசீலிக்காமல் 6-ஆம் பிரிவு உத்தரவு வந்தால் அதுவே ரிட்டுக்கு முதல் காரணம் ஆகிறது.

பதிலில் இருக்க வேண்டியவை: சர்வே எண், உட்பிரிவு, பத்திர எண்ணும் ஆண்டும், பட்டா எண், நான்கெல்லை. 'இது அரசு நிலம் அல்ல, உரிமையில் உண்மையான தகராறு இருக்கிறது, எனவே சுருக்க நடவடிக்கையில் வெளியேற்ற முடியாது' என்று அந்த ஒரு வாக்கியமாவது அப்படியே இருக்கட்டும். அலுவலகத்தில் நேரில் கொடுத்து, இரண்டாம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கூடவே ஒப்புகையோடு விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். இரண்டும் வேண்டும்.

டி.ஆர்.ஓ. உத்தரவு வந்த தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். உத்தரவில் இருக்கும் தேதி ஒன்று, உங்கள் கைக்கு வந்த தேதி இன்னொன்று. கெடு எண்ணும்போது உறைமேல் உள்ள அஞ்சல் முத்திரைதான் சாட்சி.

பழைய அடங்கல் | 5 பிப்ரவரி, காலை 8.52

மேலே 'உண்மையான தகராறு' என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1982-ல் உச்ச நீதிமன்றம் தும்மல கிருஷ்ணா ராவ் வழக்கில் சொன்னது அது. ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்காக எடுத்த நிலத்தை ஒட்டிய தகராறு. ஆந்திராவின் ஆக்கிரமிப்புச் சட்டமும் பழைய மதராஸ் மாகாணத்தின் அதே 1905 சட்டம்தான், பிரிவு எண்கள்கூட ஒன்றே. உரிமையில் நேர்மையான தகராறு இருந்தால், நிலம் தன்னுடையது என்று அரசு தானே முடிவுகட்டிக்கொண்டு சுருக்க வழியில் (முழு விசாரணை இல்லாமல்) வெளியேற்றக் கூடாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். எத்தனை வருடமாக அனுபோகம் என்பது மட்டும் முடிவு செய்யாது என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. வெறுமனே 'ஐம்பது வருடமாக உழுகிறோம்' என்று மட்டும் எழுதினால் பலம் குறையும். பத்திரத்தை முன்னால் வையுங்கள்.

சங்கிலியும் லிங்கும் | 5 பிப்ரவரி, இரவு 8.10

சர்வே பக்கத்திலிருந்து. தம்பி, கோர்ட் எது என்பதற்கு முன்னால் கணக்கு எது என்று பாருங்கள். 'பட்டா தவறுதலாக வழங்கப்பட்டது' என்று டி.ஆர்.ஓ. எழுதினால் அவர் ஏதோ ஒரு பழைய பதிவேட்டைப் பார்த்திருக்க வேண்டும். அது எது என்று உத்தரவின் 'பார்வை' வரிசையில் இருக்கும். அங்கே பெயரில்லாமல் 'கிராமக் கணக்குகளின்படி' என்று மட்டும் இருந்தால் உத்தரவே பலவீனம்.

எடுக்க வேண்டியவை, பழசிலிருந்து புதுசுக்கு: செட்டில்மெண்ட் பதிவேடு (நிலவரி நிர்ணயித்தபோது எழுதியது), மறுநில அளவை ஆகியிருந்தால் அதன் பதிவேடு, யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடு (சர்வே எண்வாரியான கிராம நிலப் பதிவேடு), யு.டி.ஆர். அ-பதிவேடு, இன்றைய அ-பதிவேடு. ஐந்தையும் ஒரே சர்வே எண்ணுக்கு வரிசையாக வைத்தால் எந்தப் படியில் நிலம் கை மாறியது என்று தானாகத் தெரியும். யு.டி.ஆர். நடந்தது 1979 முதல் 1987 வரை. தவறு நடந்திருந்தால் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். ஆனால் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது: புறம்போக்கைப் பட்டாவாக எழுதியதும் உண்டு, பட்டாவை அனாதீனம் (உரிமையாளர் இல்லாத நிலம்) என்று எழுதியதும் உண்டு.

இதோடு புலப்பட (நில அளவை வரைபட) நகல், பழையதும் புதியதும். புதியதை மட்டும் வாங்கி நின்றுவிடாதீர்கள்.

பழைய அடங்கல் | 5 பிப்ரவரி, இரவு 9.00

தாலுகா அலுவலகத்தில் 'பழைய கணக்கு கிடைக்கவில்லை' என்று வாயால் சொன்னால் விடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, 'இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இன்ன பதிவேட்டின் சான்றிட்ட நகல்' என்று ஒரே விஷயமாகக் கேளுங்கள். ஏன், எப்படி என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். 'பதிவேடு இல்லை' என்று எழுத்தில் வந்தாலும் அது உங்களுக்குப் பயன்படும்: இல்லாத பதிவேட்டை வைத்து எப்படி ரத்து செய்தார்கள்?

மாவட்டத்தில் கிடைக்காத பழைய செட்டில்மெண்ட் ஆவணங்களை சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். ஜமீன், இனாம் கிராமமாக இருந்திருந்தால் இது கட்டாயம். 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்திலோ 1963 இனாம் ஒழிப்புச் சட்டத்திலோ ரயத்துவாரி பட்டா (அரசுக்கு நேரே வரி கட்டும் நில உரிமையாளருக்கான பட்டா) கொடுத்த உத்தரவு இருந்தால், அதற்கு முன்னால் யு.டி.ஆர். பதிவு நிற்பது கடினம்.

வைகைக்கரை | 6 பிப்ரவரி, மாலை 6.20

வீட்டில் பழைய பெட்டியில் பி-மெமோ ரசீதுகள் நாலைந்து இருக்கின்றன. எழுபதுகளைச் சேர்ந்தவை. அனுபோகத்துக்கு நல்ல ஆதாரம் அல்லவா?

பழைய அடங்கல் | 6 பிப்ரவரி, மாலை 6.45

ஆமாம், அனுபோகத்துக்கு அரசே கொடுத்த ஆதாரம். சேர்த்து வையுங்கள்.

பழைய அடங்கல் | 6 பிப்ரவரி, இரவு 10.30

மேலே அவசரத்தில் எழுதிவிட்டேன், திருத்துகிறேன். பி-மெமோ இருபுறமும் வெட்டும் கத்தி. அது 1905 சட்டத்தின் கீழ் ஆக்கிரமிப்பாளருக்குப் போடும் தண்டத் தீர்வை. அதைக் கட்டினால், அந்த இடம் அரசுடையது என்று கட்டியவரே ஒப்புக்கொண்டதாக அரசு வக்கீல் சொல்வார். புளியமரம், பனைமரத்துக்கான 2சி பட்டாவும் அப்படித்தான்: மரத்தின் பலன் உங்களுக்கு, நிலம் சர்க்காருடையது என்பதே அதன் பொருள்.

எனவே முதலில் அந்த ரசீதில் உள்ள சர்வே எண்ணைப் பாருங்கள். பத்திர நிலத்துக்கா, பக்கத்து நிலத்துக்கா? பக்கத்து நிலத்துக்கு என்றால் இந்த வழக்கில் அதற்கு வேலையே இல்லை. இந்த நிலத்துக்கே என்றால் மறைக்காதீர்கள், அவர்கள் கோப்பில் நகல் இருக்கும். ஏன் கட்ட நேர்ந்தது என்று விளக்கம் தயாராக இருக்கட்டும்.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. 'நிலம் எங்களுடையது, இல்லாவிட்டாலும் 30 வருட எதிரிடை அனுபவத்தால் எங்களுடையது' என்று இரண்டையும் ஒரே மூச்சில் பிராதில் (வழக்கு மனுவில்) எழுதுவார்கள். எதிரிடை அனுபவம், அதாவது பிறர் நிலத்தை நெடுநாள் தனதாக அனுபவித்ததால் வரும் உரிமை, கேட்பவர் முதலில் நிலத்தின் சொந்தக்காரர் அரசு என்று ஒப்புக்கொள்கிறார். 1962 பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள்.

வைகைக்கரை | 11 பிப்ரவரி, இரவு 8.15

ரசீதைப் பார்த்தேன். நாலில் மூன்று வடக்குப் பக்கத்து எண்ணுக்கு. ஒன்று மட்டும் எங்கள் எண், ஆனால் 22 சென்டுக்கு என்று போட்டிருக்கிறது. பழைய புலப்பட நகலில் வடகோடியில் ஒரு கோடு போகிறது. யு.டி.ஆர். படத்தில் அந்தக் கோடு இல்லை. மொத்தப் பரப்பு அ-பதிவேட்டில் 0.45.5 ஹெக்டேர் (அதாவது 45.5 ஏர்).

சங்கிலியும் லிங்கும் | 11 பிப்ரவரி, இரவு 9.40

இதுதான் விஷயம். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். உங்கள் 112 சென்ட் 4,532 சதுர மீட்டர் வரும், ஹெக்டேரில் 0.45.3. கணக்கில் 0.45.5 இருப்பது முழுமையாக்கியதில் வந்த சிறு வித்தியாசம், அதைப் பெரிதாக்க வேண்டாம்.

அந்தக் கோடு ஓடையாக இருக்கலாம். பழைய படத்தில் அளவுகள் சங்கிலியிலும் லிங்கிலும் இருக்கும்: 1 சங்கிலி 66 அடி, 100 லிங்க். 1 லிங்க் 20.1 சென்டிமீட்டர். கோட்டின் இருபுறமும் உள்ள எண்களை இப்படி மீட்டராக்கி இன்றைய படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பழைய அ-பதிவேட்டில் அந்தப் பகுதிக்குத் தனி உட்பிரிவு இருந்ததா, குறிப்புக் கலத்தில் 'ஓடை' என்று இருந்ததா? அது தெரியாமல் ஒரு வரிகூட அபிடவிட்டில் எழுதாதீர்கள்.

பழைய அடங்கல் | 12 பிப்ரவரி, காலை 6.50

ஓடைதான் என்று வந்தால் என் கருத்து இது, யாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தே சொல்கிறேன்: அந்த 22 சென்டை விட்டுக்கொடுத்துவிட்டு 90 சென்டுக்குப் போராடுங்கள்.

நீர்நிலை, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் ஆகியவற்றில் கோர்ட்டுகளின் மனநிலை மாறி வெகுநாளாகிறது. 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் பஞ்சாப் கிராமக் குளம் ஒன்றைப் பற்றிப் பேசிய உச்ச நீதிமன்றம், பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களுக்கு வரன்முறைப்படுத்திக் கொடுக்கக் கூடாது என்று எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. நம் ஹைகோர்ட்டிலும் 'ஓடை' என்ற சொல் வந்த மாத்திரத்தில் மீதி வாதத்துக்குக் காது கிடைப்பது கஷ்டம். 112 சென்டுக்கும் அடம்பிடித்தால், 22 சென்டுக்கு இருக்கும் கறை 90 சென்டிலும் படியும். ஓடை ஊருக்கு வேண்டிய ஓடை என்பதும் உண்மைதானே.

மாறாக, நீங்களே 'வடபுறம் 22 சென்ட் ஓடை, அதில் உரிமை கோரவில்லை, மீதி 0.36.4 ஹெக்டேர் ரயத்துவாரி புஞ்சை, அதையும் சேர்த்து ரத்து செய்தது தவறு' என்று வந்தால் டி.ஆர்.ஓ. உத்தரவின் குறை பளிச்சென்று தெரியும்: உட்பிரிவு செய்து ஓடையை மட்டும் பிரிக்க வேண்டியவர் முழு எண்ணையும் ரத்து செய்திருக்கிறார்.

ஒன்று மட்டும். விட்டுக்கொடுப்பது அளந்த பிறகு. அளக்காமல் '22 சென்ட்' என்று எழுதிவிட்டு பிறகு 15 தான் என்று வந்தால் திரும்பப் பெற முடியாது.

வைகைக்கரை | 12 பிப்ரவரி, இரவு 9.10

வீட்டில் பேச வேண்டும். பதில் இன்று கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன், அதில் ஓடை பற்றி எதுவும் எழுதவில்லை. டி.ஆர்.ஓ. உத்தரவைப் பொறுத்தவரை எங்களுக்கு விசாரணை நோட்டீஸே வரவில்லை. அதற்கு மேல் அப்பீல் போக வேண்டுமா, நேரே ரிட்டா?

பழைய அடங்கல் | 13 பிப்ரவரி, காலை 7.20

பட்டா சட்டத்தில் படி இப்படி: தாசில்தார் உத்தரவுக்கு 12-ஆம் பிரிவில் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு, அதற்கு மேல் 13-ஆம் பிரிவில் டி.ஆர்.ஓ.விடம் சீராய்வு. உங்களுக்கு டி.ஆர்.ஓ.வே எழுதிவிட்டார், எனவே 'மாற்று வழி இருக்கிறது' என்ற தடை இங்கே பலமில்லை. நோட்டீஸ் இல்லாமல் பட்டா ரத்து என்றால் இயற்கை நீதி மீறல், அப்போது மாற்று வழி இருந்தாலும் ரிட் நிற்கும்.

ரிட் கட்டில் கவனிக்க வேண்டியவை.

நிவாரணம் 'செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ்'. உத்தரவு எண், தேதியைச் சொல்லி ரத்து, கூடவே கணக்கில் பழைய பதிவைத் திரும்ப எழுதச் சொல்லும் கட்டளை. ரத்தை மட்டும் கேட்டால், ஜெயித்த பிறகும் கணினியில் 'அரசு புறம்போக்கு' என்றே இருக்கும். அதை மாற்ற இன்னொரு ரிட் போட வேண்டி வரும்.

உத்தரவின் சான்றிட்ட நகலை டைப்டு செட்டில் (ரிட்டோடு வைக்கும் ஆவணக் கட்டில்) முதலாவதாக வையுங்கள். அதற்குப் பிறகு பதிவேடுகள் ஆண்டு வரிசையில். பழைய கையெழுத்து நகலாக இருந்தால் தட்டச்சு செய்த பிரதியும் பக்கத்திலேயே இருக்கட்டும். படிக்க முடியாத தாளை எந்த நீதிபதியும் படிக்க மாட்டார்.

உத்தரவால் லாபம் அடைந்த தனியார் யாராவது இருந்தால் அவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். அதிகாரி மேல் கெட்ட எண்ணம் என்று குற்றம் சாட்டினால் அவரைப் பெயரோடு சேர்க்க வேண்டும். சேர்க்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றால் அந்தப் பத்தியையே எடுத்துவிடுங்கள்.

இடைக்கால மனுவில் 'ஸ்டேட்டஸ் கோ' கேட்டு நிறுத்தாதீர்கள். 'இருக்கும் நிலை' என்றால் எது? மறுநாள் ஜே.சி.பி. வந்து வேலியைப் பிடுங்கினால் அதுவே இருக்கும் நிலை ஆகிவிடும். 'மனுதாரரின் அனுபோகத்தில் தலையிடக் கூடாது' என்ற சொற்களைக் கேளுங்கள், அனுபோகத்துக்கு அன்றைய அடங்கலும் (பயிர்க் கணக்கு) தேதியிட்ட படங்களும் வையுங்கள். முதல் நாளில் அரசு வக்கீல் தகவல் பெற அவகாசம் கேட்பார். அதுவரை நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று அவர் வாயால் சொன்னால், அதை அன்றைய உத்தரவில் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

சிவில் பக்கம் | 13 பிப்ரவரி, இரவு 10.05

நல்ல குறிப்புகள். ஒன்று சேர்க்கிறேன். பதில் அபிடவிட்டில் அரசுத் தரப்பு புதுக் காரணங்களை அடுக்கும்: ஓடை, பொதுநலன், 1920-ன் கணக்கு என்று. உத்தரவில் இல்லாத காரணத்தை அபிடவிட்டில் சேர்த்து உத்தரவைக் காப்பாற்ற முடியாது. 1977 மொஹிந்தர் சிங் கில் தீர்ப்பு இதற்கென்றே இருக்கிறது. உத்தரவு எந்தக் காலில் பிறந்ததோ அந்தக் காலில்தான் நிற்க வேண்டும்.

ஆனால் சிவில் வழக்கை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கெடுக்களை யாரும் இன்னும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

காலவரையறைச் சட்டத்தின் 58-ஆம் சரத்து: விளம்புகை வழக்குக்கு (உரிமையைக் கோர்ட் அறிவிக்கக் கேட்பது) 3 வருடம். எல்லோரும் இதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் 100-ஆம் சரத்து என்று ஒன்று உண்டு: அரசு அதிகாரி தன் பதவிமுறையில் செய்த செயலையோ உத்தரவையோ ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்கு ஒரே வருடம். அதைவிடக் குட்டை 1905 சட்டத்தின் 14-ஆம் பிரிவு: அந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கையை எதிர்த்து சிவில் கோர்ட்டுக்கு வர 6 மாதம். அதிகாரம் இல்லாத உத்தரவு செல்லாதது, அதை ரத்து செய்யத் தேவையே இல்லை, உரிமைக்கு மட்டும் வழக்குப் போட்டால் போதும் என்று வாதிக்கலாம்தான். வாதம் வேறு, பாதுகாப்பு வேறு. குட்டைக் கெடுவுக்குள் போட்டவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

பழைய அடங்கல் | 14 பிப்ரவரி, காலை 7.00

சிவில் பக்கம் சொன்னதை ஏற்கிறேன். முதல் குறிப்பில் இதை எழுதாதது என் பிழை. ரிட்டில் இரண்டு வருடம் போய், பிறகு 'சிவில் கோர்ட்டுக்குப் போ' என்று வந்தால் காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் அந்தக் காலத்தைக் கழிக்கக் கேட்கலாம், ஆனால் நல்லெண்ணத்தோடும் முனைப்போடும் நடத்தினேன் என்று நிரூபிக்க வேண்டும். ரிட் முடியும்போது, தோற்றாலும் வாபஸ் வாங்கினாலும், 'சிவில் கோர்ட்டை அணுக உரிமை' என்ற வரியை உத்தரவிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

சிவில் பக்கம் | 15 பிப்ரவரி, மாலை 5.30

வழக்குப் போடுவதானால்:

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவில் அரசுக்கு முன்கூட்டிய நோட்டீஸ், 2 மாதம். கலெக்டருக்கு அனுப்பலாம். இந்த இரண்டு மாதம் கெடுவில் கழியும், பயப்பட வேண்டாம். ஆனால் அதற்குள் இடித்துவிடுவார்கள் என்றால் 80(2)-ல் அனுமதி கேட்டு உடனே தாக்கல் செய்யலாம். அப்படிச் செய்தாலும் அரசுக்கு வாய்ப்புத் தராமல் இடைக்கால உத்தரவு வராது. அவசரம் இல்லை என்று கோர்ட் நினைத்தால் பிராதைத் திருப்பிக் கொடுக்கும், நோட்டீஸ் கொடுத்துவிட்டு வரச் சொல்லும்.

பிரதிவாதி 'தமிழ்நாடு அரசு, மாவட்ட ஆட்சியர் மூலமாக'. தாசில்தாரை மட்டும் பிரதிவாதியாகப் போட்ட வழக்குகள் கடைசியில் இதற்காகவே விழுகின்றன.

பரிகாரம்: உரிமை விளம்புகையும் நிரந்தர உறுத்துக்கட்டளையும் (தலையிடத் தடை) சேர்த்து. வெறும் உறுத்துக்கட்டளை போதாது. 2008 அனந்துல சுதாகர் தீர்ப்புப்படி, உரிமை மேல் நிழல் விழுந்துவிட்டால் விளம்புகை கேட்டே ஆக வேண்டும். பட்டா ரத்தும் 'அரசு நிலம்' என்ற பதிவும் நிழல்தான். கோர்ட் கட்டணம் குறையும் என்று உறுத்துக்கட்டளை மட்டும் போட்டு, எட்டு வருடம் கழித்து அதே காரணத்தால் தள்ளுபடி ஆவதை என்னால் தாங்க முடிவதில்லை.

கட்டணம் அப்படி ஒன்றும் பூதமில்லை. அனுபோகம் உங்களிடமே இருந்தால் சந்தை மதிப்பில் பாதிக்குத்தான் கட்டணம், விகிதம் 2017 திருத்தத்துக்குப் பிறகு 3 சதவீதம். 20 லட்ச ரூபாய் நிலம் என்றால் 10 லட்சத்துக்கு 30,000. அனுபோகம் போய்விட்டால் முழு மதிப்புக்கும் கட்ட வேண்டும், 60,000. நிலத்தை விட்டு இறங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழக்கு எண் ஆனதும் வக்கீல் கமிஷனர் நியமிக்க மனு. சர்வேயர் உதவியோடு அளந்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பொருத்தி அறிக்கை வேண்டும் என்று கேளுங்கள். 'நிலத்தைப் பார்வையிட' என்று மட்டும் கேட்டால் பார்வையிட்டதாக மட்டுமே அறிக்கை வரும்.

ரிட், சிவில் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தினால் இரண்டிலும் மற்றதைப் பற்றி எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் நிலத்தைப் பற்றிப் பேசவே விடமாட்டார்கள்.

கல்வராயன் அடிவாரம் | 17 பிப்ரவரி, மதியம் 1.15

இடையில் நுழைகிறேன். எங்கள் பக்கம் தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்க, தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ அறிவிப்பு. அதற்கும் இதே வழியா? அதற்குள் கணினியில் நிலம் அரசு பெயருக்கு மாறிவிட்டது.

பழைய அடங்கல் | 17 பிப்ரவரி, இரவு 9.25

முற்றிலும் வேறு வழி. 3ஏ அறிவிப்பு தேதியிலிருந்து 21 நாளுக்குள் 3சி-யில் ஆட்சேபணை, அதைத் தவறவிடாதீர்கள். தொகை மேல் தகராறு என்றால் 3ஜி(5)-ல் மத்தியஸ்தரிடம், சிவில் கோர்ட் கிடையாது. கணினியில் பெயர் மாறியது பற்றி: சென்னை-சேலம் எட்டு வழிச்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 8 டிசம்பர் 2020-ல் அறிவிப்பைச் செல்லும் என்றது, ஆனால் கையகப்படுத்தல் முடியும் முன்பே கணக்கில் பெயர் மாற்றியதை ஏற்கவில்லை, பழையபடி எழுதச் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் காட்டி எழுத்தில் கேளுங்கள்.

மாநில நெடுஞ்சாலை அல்லது தொழிற்பேட்டை என்றால் 2001 நெடுஞ்சாலைச் சட்டம், 1997 தொழில் நோக்கச் சட்டம். 2013 மத்திய நிலமெடுப்புச் சட்டம் வந்ததால் இவை செத்துவிட்டன என்று 2019 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் சொன்னது, அதே ஆண்டு சட்டசபை உயிர்ப்பித்தது, 29 ஜூன் 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆகவே நோட்டீஸில் எந்தச் சட்டம் என்பதை முதலில் படியுங்கள். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே கலந்தால் இரண்டும் குழம்பும்.

வைகைக்கரை | 9 ஏப்ரல், இரவு 8.50

தகவல் உரிமையில் பழைய அ-பதிவேடு வந்துவிட்டது. வடபகுதி தனி உட்பிரிவு, குறிப்பில் ஓடை. மீதி ரயத்துவாரி, புஞ்சை. தனியாக அளந்ததில் ஓடை 22 சென்டே வருகிறது. 90 சென்டுக்கு மட்டும் ரிட் போட்டோம். உத்தரவு ரத்து, நோட்டீஸ் கொடுத்து 12 வாரத்தில் விசாரித்து முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை வெளியேற்றக் கூடாது. என் முதல் கட்சியை வாபஸ் வாங்குகிறேன். சிவில் கோர்ட்டுக்கான 80-ஆம் பிரிவு நோட்டீஸும் அனுப்பிவிட்டோம். அடுத்து டி.ஆர்.ஓ. விசாரணைக்கு என்ன தயார் செய்வது?

பழைய அடங்கல் | 9 ஏப்ரல், இரவு 10.20

நல்லது. விசாரணையைச் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். அடுத்த சுற்றில் ஹைகோர்ட் படிக்கப்போவது இந்த விசாரணைக் கோப்பைத்தான்.

12 வாரம் என்பது உத்தரவு நகல் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஓடுவதாக எழுதியிருப்பார்கள். ஆகவே நகல் கிடைத்தவுடன் நீங்களே சமர்ப்பித்து முத்திரை வாங்குங்கள். எழுத்து வாக்குமூலத்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து, பக்கம் எண் போட்டு, இணைப்புப் பட்டியலோடு கொடுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), சர்வேயர் அறிக்கைகளின் நகலை விசாரணைக்கு முன் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் அந்தக் கடிதமே உங்கள் அடுத்த ஆயுதம். உங்கள் முன்னிலையில் அளக்கவும், ஓடையை உட்பிரிவு செய்து பிரிக்கவும் கேளுங்கள்.

2011-ல் விஸ்வாஸ் ஃபுட்வேர் வழக்கில் நம் ஹைகோர்ட் டிவிஷன் பெஞ்ச், உரிமைத் தகராறு இருந்தால் வருவாய்த்துறை அதைத் தீர்க்க முயலாமல் சிவில் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றது. அதன் நகலையும் இணையுங்கள், இரண்டு தனியாருக்குள்ளான தகராறுக்குத்தான் அது பொருந்தும் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம், அதற்கு தும்மல கிருஷ்ணா ராவைக் கூடவே வையுங்கள்.

சங்கிலியும் லிங்கும் | 10 ஏப்ரல், காலை 6.15

அளவைக்கு வரும்போது பக்கத்து நிலக்காரர்களுக்கும் நோட்டீஸ் போயிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். போகாமல் அளந்தால் பிறகு யாராவது ஒருவர் ஆட்சேபித்து எல்லாம் முதலிலிருந்து. முக்கூட்டுக் கல் (மூன்று எல்லைகள் சந்திக்கும் இடத்துக் கல்) எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே மண்ணைத் தள்ளிப் பார்த்து வைத்திருங்கள்.

அளந்து முடிந்ததும் அங்கேயே ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். எழுதி முடித்த பிறகு, நீங்கள் வாசித்த பிறகு மட்டும் போடுங்கள், வெற்றுத்தாளில் வேண்டாம். அதில் 'அரசு நிலத்தில் பயிர் செய்து வருகிறேன்' என்று எங்காவது இருந்தால் அந்த வரியை அடித்துத் திருத்தி, திருத்தத்தின் பக்கத்திலும் கையெழுத்திட்டு, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.